கேட்காத அனுமதி

ஆக்சிஜன் சிலிண்டரின் திருகை மூடிவிட்டு, அத்தாவின் மூக்கிலிருந்த குழாயை முபீனா மெதுவாக எடுத்தாள். அதன் சீறல் நின்ற பிறகுதான் வீட்டின் அமைதி தெரிந்தது. அம்மா ஜெய்னம்பு அழவில்லை. கணவரின் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அத்தா அமானுல்லா கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் காலமெல்லாம் மணல் அச்சு அடித்தவர். அந்த மணல்தூள் நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக இறுக்கிவிட்டது. வேலையை விட்ட பிறகு மணவாள நகருக்குக் குடிவந்தார்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் முபீனா அதே நோயைத்தான் ஆராய்ந்தாள். தூள் எப்படித் தழும்பாகிறது, எந்த மருந்து அதைத் தடுக்கும் என்று தேடுகிற ஆய்வுக்கூடம் அது. இறந்தவர்களின் நுரையீரல் கிடைத்தால்தான் அங்கே வேலை நகரும். வீட்டாரிடம் பேசி அனுமதி வாங்குவது அவள் பொறுப்பு. அழுதுகொண்டிருப்பவர்களிடம் பேச அவளை விட்டால் ஆளில்லை என்பார்கள்.

ரம்ஜானுக்கு முன்னால் ஒருநாள் அத்தாவே சொன்னார்: "நான் போனா இந்த நுரையீரல எட்துக்கினு போம்மா. எனக்குத்தான் ஒதவல. வேற எவனுக்காச்சும் ஒதவட்டும்."

சும்மா இருங்கத்தா என்று அதட்டி அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

அத்தா இறந்த அன்று காலையிலேயே ஆய்வுக்கூடத் தலைவர் துளசிராமன் போன் செய்தார். ஆறுதல் சொன்னார். பிறகு வெகுவாகத் தயங்கி, அப்பா ஏதாவது விருப்பம் சொல்லியிருந்தாரா என்று கேட்டார். வண்டி அனுப்பினால் அடக்கத்துக்கு முன்பே உடலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்றார்.

முபீனா அம்மாவின் கையைப் பார்த்தாள். அது இன்னும் அத்தாவின் நெஞ்சை விட்டு நகரவில்லை.

"இல்ல சார். ஒண்ணும் சொல்லல."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. பொழுது சாய்ந்ததும், பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை அம்மா அவள் தட்டில் வைத்தாள்.

"அந்த நுரையீரல் விஷயம் என்னாண்டயும் சொல்லிக்கினுதான் இருந்தாரு. முபீனா கேட்டா தடுக்காத, பள்ளிவாசல் ஹஜ்ரத்தாண்டயும் பேசி வச்சிட்டேன்னாரு. நீ கேப்பேன்னு காலைலேர்ந்து பாத்துக்கினு இருந்தேன்."

"நீயே சொல்லியிருக்கலாமேம்மா."

"உன் மூஞ்சியப் பாத்தேன். எப்டிச் சொல்றது?"

முபீனா சோற்றைப் பிசைந்தாள். குழைந்து கூழான பிறகும் பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் யாரோ குனிந்து, குவிந்துகிடந்த செருப்புகளுக்குள் தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"லைட்டப் போடு. பாவம், இருட்டுல தேடுறாரு" என்றாள் அம்மா.

முபீனா எழுந்துபோய் இடது கையால் சுவிட்சைத் தட்டினாள். வலது கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.