பலகை மடியாது

அலமாரியின் வலப்பக்கப் பலகையை நிமிர்த்தி நிறுத்திய அடுத்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் புருஷன் கண்டக்டருக்கு இன்னும் தெரியவில்லை. அவன் மறுபுறம் தோளைக் கொடுத்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டத்தை நகர்த்தும் அதே குரலில், "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குல்ல" என்று பலகைக்கே கட்டளையிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அப்படியே பிடிங்க. ஆடாதீங்க."

"நான் எங்க ஆடுறேன்? அதுதான் ஆடுது."

"தட்டு எங்க உட்காரும்னு எட்டிப் பாருங்க."

பார்த்தான். தட்டுகள் செருகி நிற்பதற்காக நேற்று முழுவதும் உளியால் தோண்டிய நீளப் பள்ளங்கள், இடப்பக்கப் பலகையில் ஒழுங்காக உள்ளே பார்த்தன. வலப்பக்கப் பலகையிலோ எல்லாம் வெளியே, ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"அவ்ளோதானே? திருப்பிட்டா போச்சு."

திருப்பினார்கள். பள்ளங்கள் உள்ளே வந்தன, முன்விளிம்பு பின்னால் போய்விட்டது. அலமாரி மேலே ஒடுங்கி, கீழே கவுன் போல விரிந்து நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டு வரைந்த சாய்வு இப்போது சுவரைப் பார்த்து நின்றது. தலைகீழாகவும் நிறுத்திப் பார்த்தார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

"ரெண்டு முன்வாசல் வச்ச பஸ்ஸா ஆயிடுச்சே" என்றான் கண்டக்டர்.

அவள் சிரிக்கவில்லை. தப்பு எங்கே நடந்தது என்பது ஊசி ஏறியது போலச் சுருக்கென்று தெரிந்தது. இத்தனை வருடத் தையலில் ஒரு முன்பக்கத்தைக்கூட அவள் தனியாக வெட்டியதில்லை. துணியை இரண்டாக மடிப்பாள், காகித அச்சை மேலே வைப்பாள், ஒரே வெட்டு. இடமும் வலமும் அண்ணன் தம்பி போலச் சேர்ந்து வரும். அதே கையோடு, அலமாரிக்கும் காகிதத்தில் அச்சு வெட்டி, ஒரு பலகையில் வைத்துக் கோடு போட்டாள். அப்புறம் அதே அச்சை, புரட்டாமல், அடுத்த பலகையிலும் வைத்தாள். துணி மடியும். பலகை மடியாது. இரண்டு இடக் கை வைத்த சட்டை மாதிரி, இரண்டு இடப்பக்கம் வைத்த அலமாரி!

வேறு பலகை வாங்கிக்கொள்ளலாம் என்றால், அது எங்கோ இடித்த பழைய கட்டடத்தின் கதவுப் பலகை. அந்த அகலத்தில் இரண்டுதான் கிடைத்தன. அதைவிடப் பெரிய ஆபத்து சாயங்காலம் வரவிருந்தது.

நாத்தனாரின் இரும்பு பீரோ.

பூட்டினால் திறக்காது, திறந்தால் பூட்டாது, தொட்டால் தெருவுக்கே கேட்கும். நாத்தனார் வீடு மாற்றுகிறாள். பீரோவுக்குப் புது வீட்டில் இடமில்லை. இந்த முன்னறை நாளையிலிருந்து தையல் கடையாகிறது என்று தெரிந்ததும், "உனக்குத்தான் அண்ணி, எடுத்து வச்சிருக்கேன்" என்று நின்றாள். வேண்டாம், நாங்களே மரத்தில் செய்துகொள்கிறோம் என்று சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன். உன் அலமாரி நின்னா பீரோ திரும்பிப் போகும். நிக்கலேன்னா உள்ள வரும்." அந்தப் பீரோ ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் யமன் வந்தாலும் அசைக்க முடியாது. இத்தனை நாள் படுக்கையறை மூலையில், கட்டிலுக்கடியில் துணிமூட்டையைத் திணித்து வைத்துக்கொண்டு தைத்தவள். முதன்முதலாகத் தனக்கென்று ஒரு அறை. அதன் நடுவில் அடுத்தவள் பீரோவா?

கண்டக்டர் தரையில் உட்கார்ந்து உளியைத் துடைத்தான். கோடு போட்டது நீ, தோண்டியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவனை மன்னிக்க முடியாமல் இருந்தது.

"மரத்தூளும் பசையும் கலந்து பள்ளத்தை அடைச்சிடலாமா?"

"ஒட்டுப்போட்ட மாதிரி பல்லை இளிக்கும்."

"இந்த ஒரு விஷயத்துல உன்கிட்ட வாய் கொடுக்கக் கூடாது. சரி, துணியில தப்பிடுச்சுன்னா என்ன பண்ணுவ?"

"துணியிலயா?" அவள் அலுப்போடு சொன்னாள். "கத்திரி தப்பினா அந்த இடத்துல ஒரு பாக்கெட் வச்சிடுவேன். யாருக்கும் தெரி..."

வாக்கியம் முடியவில்லை. அவள் எழுந்துவிட்டாள்.

ஜன்னலோரம்தான் மெஷின் வரப்போகிறது. அலமாரியின் வலப்பக்கம், அந்த அசட்டுப் பள்ளங்களோடு, மெஷினை ஒட்டியே நிற்கும். கையை நீட்டினால் தொடும் தூரம்.

"அந்த மிச்சத் துண்டுப் பலகையெல்லாம் எங்க?"

"அடுப்புக்குன்னு..."

"எடுங்க!"

பலகையைப் பழையபடி, பள்ளங்கள் வெளியே பார்க்க நிறுத்தினார்கள். வலப்பலகையின் உள்பக்கம், இடப்பக்கப் பள்ளங்களின் உயரத்துக்கு நேராகக் குறுக்குச் சட்டங்களை வைத்து முடுக்கினார்கள். உள்தட்டுகளின் வலது முனை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். காலர் நிற்க உள்ளே பட்டி வைப்பதுபோலத்தான். வெளிப்பள்ளங்களில் துண்டுப் பலகைகளைப் பசை தடவிச் செருகினாள். குட்டிக் குட்டித் தட்டுகள். அவன் அளந்தான், அவள் அவன் அளந்ததை மறுபடி அளந்தாள். "நம்பிக்கை இல்லையா?" என்றான். "உங்கமேல இருக்கு. என்மேலதான் இல்ல" என்றாள். கடைசித் தட்டு உள்ளே இறங்கும்போது இருவரின் வேர்வையும் மரத்தூளோடு சேர்ந்து, இரண்டு பேரும் மாவில் புரட்டியெடுத்தது போல இருந்தார்கள்.

அவன் கையை எடுத்தான். அவளும் எடுத்தாள்.

அலமாரி நின்றது.

அப்போதுதான் வாசலில் ஹாரன். பீரோ கயிற்றுக் கட்டோடு மினி லாரியில் நிற்க, நாத்தனார் முன்சீட்டிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி, நிக்குதா, படுத்துடுச்சா?"

உள்ளே வந்தாள். அலமாரியை ஒரு சுற்று சுற்றினாள். தட்டினாள். ஆட்டினாள். குனிந்து அடியில் பார்த்தாள். நாத்தனார் வலப்பக்கம் வந்து குட்டித் தட்டுகளைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன?"

"நூலு, பொத்தான், ஊசி டப்பா வைக்க."

"நல்லாத்தான் இருக்கு. யாரு யோசனை?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினான். "கத்திரிதான்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. உன் அண்ணியோடதுதான்."

நாத்தனார் இன்னும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். "சின்ன அண்ணன் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் பீரோவின் கதவு தடதடக்கும் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

"பாவம் அவன்" என்றான் கண்டக்டர்.

"உங்க தம்பிதானே?"

"அதான் சொல்றேன். ஆமா, என் சட்டையில உள்பக்கம் ஒரு பாக்கெட் வச்சியே, சில்லறை பத்திரமா இருக்கும்னு..."

"மெஷினை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் அவள்.

மெஷினை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைத் திருப்பாமலே கையை மட்டும் நீட்டி, ஒரு நீல நூல்கண்டை முதல் தட்டில் வைத்தாள். அது படுத்தவாக்கில் மெல்ல உருள ஆரம்பித்தது. தட்டில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சரிவு. இருவரும் அசையாமல் அதையே பார்த்தார்கள். நூல்கண்டு விளிம்பு வரை வந்தது, கொஞ்சம் யோசித்தது, பிசிறு நூல் காற்றில் தொங்க அங்கேயே நின்றது.