ஈரமாயிருந்த பிரஷ்

அந்தப் பல் மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பது உதவியாளரின் வேலை. தலையணை அளவுள்ள பிளாஸ்டிக் பல்செட்டை மடியில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அடம்பிடிக்கும் பிள்ளைகூட அவளிடம் திறந்துவிடும்.

வேலை முடிந்து அவள் வீடு சேர ஒன்பது மணியாகும். ஏழு வயது மகள் அதற்குள் தூங்கியிருப்பாள். வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். காலையில் பள்ளி வேன் அவசரத்தில் பேருக்குத்தான் தேய்ப்பாள். ராத்திரித் தேய்ப்புதான் முக்கியம், அது அப்பாவின் பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி வருகிற மனிதர், பாவம், மறந்துவிடக் கூடாதே என்று அவள்தான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினாள். தேய்த்த நாளுக்கு ஒரு நட்சத்திரம்.

அட்டவணையை மட்டும் நம்பிவிடுகிற ஆளில்லை அவள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போய்ச் சுண்டுவின் பிரஷைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாயிருக்கும். அதன் பிறகுதான் சாப்பிட உட்காருவாள். எழுபத்து நாலு நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. மருத்துவமனைக்கு வரும் தாய்மார்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அதனால்தான், சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கறை காட்டும் மாத்திரையை ஒரு குழந்தைக்குக் கொடுத்துக் காட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, "எங்க சுண்டு வருவா" என்று முந்திக்கொண்டாள்.

அந்த மாத்திரையை மென்று துப்பினால் அழுக்குப் படிந்த இடமெல்லாம் சிவப்பாகிவிடும். எட்டுத் தாய்மார்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுண்டு மென்றாள், துப்பினாள், வாயைத் திறந்தாள்.

ஒரு பல் மிச்சமில்லை. ஈறு ஓரம் முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது.

உதவியாளர் சிரித்தபடியே நின்றாள். சிரிப்பை எடுக்க மறந்துவிட்டது. முன்வரிசையில் யாரோ, ஊருக்குத்தான் உபதேசம் போல என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தது கேட்டது. டாக்டரம்மா சமாளித்து, நல்லாத் தேய்க்கிற குழந்தைக்கே இப்படி இருக்கும், அதற்குத்தான் இந்த மாத்திரை என்றார். சொல்லிக்கொண்டே கண்ணாடியை உள்ளே விட்டவர் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நின்றுவிட்டார். ஆறு வயதில் முளைத்தது. இனி அந்த இடத்தில் வேறு பல் வராது. அதில் சொத்தை விழுந்திருந்தது.

தினமும் தேய்க்கிறாயா கண்ணே என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். சுண்டு அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லார் தலைக்கும் மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"அப்பா, சொல்லலாமா?"

அம்மாவின் நெஞ்சில் தைத்தது சொத்தை இல்லை, அந்தக் கேள்விதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு நாள் குழந்தை தூக்கக் கலக்கத்தில் அழுதிருக்கிறாள், ஒரு நாள்தானே என்று இவர் விட்டிருக்கிறார். மறுநாளும் அழுகை. பிறகு அப்பாவும் மகளும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிரஷைக் குழாயில் நனைத்து வைப்பது, பட்டாணி அளவு பேஸ்டைப் பிதுக்கித் தண்ணீரில் விடுவது, ஒரு நட்சத்திரம் ஒட்டுவது. அதற்குப் பேர்கூட வைத்திருந்தார்கள்: பிரஷுக்குக் குளியல். சொல்லும்போதே சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"பூட்டின வீட்டுக்கு உத்தேசமா ரீடிங் எழுதுவீங்களே, அந்த மாதிரி என் பொண்ணு வாய்க்கும் எழுதிட்டீங்களா?"

அவர் தலை குனிந்திருந்தார். "நீ வந்து பிரஷைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பே. அதைக் கெடுக்க மனசு வரலை."

"அப்ப தினமும் நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க."

அவளுக்குத் தன்மேலும் கோபம் வந்தது. ஊரார் பிள்ளைகளின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள், தன் பிள்ளைக்கு மட்டும் பிரஷைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், இவள் சோறு நன்றாயிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை சொத்தையைச் சுரண்டி அடைத்தார்கள். எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டியவள் அவள்தான். ஊசியைப் பார்த்ததும் சுண்டுவின் கை காற்றில் துழாவியது. அம்மா தன் கையை நீட்டினாள்.

"அப்பா வேணும்" என்றாள் சுண்டு.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்தவரைக் கூப்பிட்டாள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

முடிந்ததும், மரத்த கன்னத்தைத் தடவிக்கொண்டு சுண்டு பொம்மை அலமாரிக்குப் போய்விட்டாள். அவர் வராந்தாவில் தயங்கி நின்றார்.

"இனிமே ஒழுங்கா தேய்க்க வைக்கிறேன். நம்பு."

"வேணாம். காலை ஷிப்ட் கேட்டிருக்கேன். நாளையிலேர்ந்து சாயங்காலம் நான் வீட்ல இருப்பேன்."

"அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா?"

"பல்லு விஷயத்துல இல்லை."

"மத்ததுல?"

அது அவளுக்கே இன்னும் தெரியவில்லை. உள்ளேயிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். கையுறையை மாற்றிக்கொண்டு போனாள். நாற்காலியில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி தவறாம தேய்ப்பா சிஸ்டர், சொல்லவே வேண்டாம்" என்றாள் அவளுடைய அம்மா பெருமையாக.

போன வாரமாயிருந்தால் சமத்து என்று கன்னத்தைத் தட்டியிருப்பாள்.

"இருக்கட்டும்மா. நான் பார்த்துடறேன்" என்று விளக்கைக் கீழே இழுத்தாள்.