பேசினால் பின்சுவர்

மொழி வளம் மிக்க வகுப்பறையை உருவாக்க வேண்டுமாம். அந்தச் சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து எனக்குத் தலைவலி. கதவில் ‘கதவு’ என்று எழுதி ஒட்டு, ஜன்னலில் ‘ஜன்னல்’ என்று ஒட்டு, சுவர் முழுக்கச் சொற்கள் தொங்கட்டும், பிள்ளைகள் அவற்றுக்கு நடுவே மகிழ்ச்சியாகப் படிக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கி வந்த பளபளப்பான அட்டைகளை எங்கள் தலைமையாசிரியை என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகள் கை பட்டால் கிழிந்துவிடும் என்று கூரையை ஒட்டி ஆணி அடித்து மாட்ட வைத்தார். ஒட்டகச்சிவிங்கியும் கப்பலும் உச்சியில் தொங்கின. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அவற்றைப் படிக்க வேண்டுமென்றால் மின்விசிறியில்தான் ஏறி உட்கார வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாசலில் மொழி வளம் என்று எழுதிப் போட்டுவிட்டு உள்ளே மூச்சு விடக் கூடாது என்றால் வயிறு எரியுமா எரியாதா? எங்கள் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் ஒரே சட்டம். பேசினால் பின்சுவர். பேசிய பிள்ளை எழுந்து போய்ப் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். திரும்ப உட்கார வேண்டுமானால், “இனிமே பேச மாட்டேன் டீச்சர்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். டீச்சர் இல்லாத நேரத்தில் இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற வகுப்புக்கொரு சட்டாம்பிள்ளை உண்டு. என் வகுப்பில் அது ஒரு இரட்டைச் சடைக்காரி. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவள் முறைத்தால் எனக்கே பேச்சு நின்றுவிடும்.

இந்த வகுப்பில்தான் பூட்டும் இருந்தாள். அது பிள்ளைகள் வைத்த பெயர். பாதி வருஷம் ஓடிவிட்டது, அவள் வாயிலிருந்து ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள். கணக்குப் போடுவாள். கேள்வி கேட்டால் மட்டும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கத்தியும் விட்டேன். அசைந்தால்தானே. பேசாத பிள்ளை என்பதால் அவள் ஒரு நாளும் பின்சுவருக்குப் போனதில்லை. அந்த வகையில் பள்ளியிலேயே ஒழுங்கான பிள்ளை அவள்தான்.

அவள் அப்பாவுக்குத் தெருமுனையில் சைக்கிள் கடை. கூப்பிட்டு விட்டேன். கைக் கறையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வீட்டுல இவ வாய் மூடறதே இல்லீங்க டீச்சர். தூங்கினாத்தான் எங்களுக்கு நிம்மதி. கடைக்கு வர்றவங்களுக்கே பாடம் எடுப்பா.”

“இங்க மட்டும் என்ன கேடு?”

“அதான் எங்களுக்கும் புரியலை.”

தலைமையாசிரியைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. “ஆய்வுக்கு அதிகாரி வர்றாரு. அவர் முன்னாடியும் இவ வாயைத் திறக்கலைன்னா, வாய் பேசாத பிள்ளைங்க பள்ளிக்கு மாத்தறதுக்குக் கையெழுத்து வாங்கிடுவேன்” என்றார்.

“அவளுக்குப் பேச்சு வரும் மேடம்.”

“நீங்க கேட்டிருக்கீங்களா?”

நன்றாகப் பேசுகிற பிள்ளையை ஊருக்கு அந்தக் கோடியில் கொண்டுபோய், பேச்சே கேட்காத வகுப்பில் உட்கார வைத்தால், இருக்கிற பேச்சும் போய்விடாதா? அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் சத்தமாக வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘கோபம்’ என்று எழுதி என் கைப்பையில் ஒட்டினார். “மொழி வளம் மிக்க வீடு” என்றார். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

மறுநாள் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டு ஒரு பழைய காற்றடிக்கும் பம்பு, ட்யூப், மணி, அறுந்த செயின் எல்லாம் வாங்கி வந்து வகுப்பின் மூலையில், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைத்தேன். பெயர்களை அவர்களையே எழுதி ஒட்டச் சொன்னேன். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. என்ன கேள்வி, என்ன சண்டை. சட்டாம்பிள்ளை சட்டப்படி ஒவ்வொருவராக அனுப்ப, அந்த வாரம் பின்சுவரில் இடம் போதவில்லை. பேச வைப்பதும் நானே, பேசியதற்கு நிற்க வைப்பதும் நானே. என்ன பிழைப்போ. பூட்டு மட்டும் தன் இடத்தைவிட்டு எழவில்லை. பம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். “என்ன இது, பழைய இரும்புக் கடையா? அதிகாரி கண்ணுல இதெல்லாம் படக் கூடாது.” நான் ஒரு துணியைப் போட்டு எல்லாவற்றையும் மூடி வைத்தேன்.

அதிகாரி வந்த நாளில் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பைச் சட்டாம்பிள்ளையிடம் விட்டுப் போனேன். அதிகாரி தேநீர் குடித்து முடித்து, தலைமையாசிரியையும் சேர்ந்து மூவருமாகத் திரும்பி வந்தபோது வகுப்பில் அத்தனை பேரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை முகத்தில் பெருமை தாங்கவில்லை. ஆனால் மூலையில் துணி விலகிக் கிடந்தது. பின்சுவரில் ஒரே ஒரு பிள்ளை நின்றாள். பூட்டு. அவள் கை முழுக்கக் கறுப்புக் கறை.

“ஏம்மா நிக்கற?” என்று அதிகாரி கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

“நான் சொன்னேனே சார், அந்தப் பிள்ளைதான். பேச்சு வராது” என்றார் தலைமையாசிரியை.

சட்டாம்பிள்ளை எழுந்துவிட்டாள். “வரும் மேடம். நான்தான் நிக்க வெச்சேன். பேசினா.”

“உளறாம உட்காரு.”

தன் அதிகாரத்தில் ஒருவர் கை வைத்தால் அவள் விடுவாளா? “நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம். ஒரு பையன் பம்பைத் தலைகீழா புடிச்சு அடிச்சான். இவ ஓடி வந்து, ‘குடுடா, உடைச்சிடுவ, எங்கப்பா பம்பு’ன்னா. நான் உஷ்னு சொன்னேன், கேக்கலை. காத்து எங்க போகுது, எப்படிக் கசியுதுன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. நீயும் வந்து பாருன்னு என்னையே கூப்பிட்டா சார்.” வகுப்பு மொத்தமும் வாயிலிருந்து விரலை எடுக்காமல் தலையாட்டியது.

“பிள்ளைங்க ஆயிரம் சொல்லும். நம்ம காதுல விழணும்ல” என்றார் தலைமையாசிரியை. அதிகாரியும் அதையேதான் நினைத்தார். கூரையோரத்து ஒட்டகச்சிவிங்கியைக் காட்டி, “அது என்ன சொல்லும்மா” என்றார். அவள் வாய் திறக்கவில்லை. நான் குனிந்து, “சொல்லு கண்ணு, ஒரே ஒரு வார்த்தை” என்றேன். ம்ஹும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலைமையாசிரியை அவளை வேறு பள்ளிக்கு மாற்றும் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“சரி, போய் உட்காரு” என்றார் தலைமையாசிரியை.

“இன்னும் சொல்லலையே மேடம்” என்றாள் சட்டாம்பிள்ளை. “சொல்லாம உட்காரக் கூடாது.”

ஒரு அடி எடுத்து வைத்த பூட்டு நின்றாள். சட்டம் சட்டம்தானே. சட்டாம்பிள்ளையைப் பார்த்தாள், தன் பெஞ்சைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். கணீரென்று, கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னாள்.

“இனிமே பேச மாட்டேன் டீச்சர்.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். “பேச்சு நல்லாத்தானே வருது” என்று காகிதத்தைத் தலைமையாசிரியையிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான் சந்தோஷப்பட வேண்டும். படத்தான் செய்தேன். ஆனால் பாதி வருஷம் தவம் கிடந்து நான் கேட்ட முதல் வாக்கியம் இதுவா? அதற்குள் அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து வாயில் விரலை வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. ஆத்திரம் எனக்கு யார்மேல் என்றே தெரியவில்லை. விறுவிறுவென்று மூலைக்குப் போனேன். பம்பை எடுத்துவந்து அவள் பெஞ்சுக்கு முன்னால் வைத்தேன். தலைமையாசிரியை பார்க்கட்டும், அதிகாரி பார்க்கட்டும் என்று புடவையைச் செருகிக்கொண்டு, பம்பைத் தலைகீழாகப் பிடித்து அடிக்க ஆரம்பித்தேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. நான் இன்னும் பலமாக அடித்தேன். பம்பு கடகடத்தது. அவள் கண் என் கையைவிட்டு நகரவில்லை. விரல் மெல்ல உதட்டிலிருந்து இறங்கியது.

“டீச்சர்” என்றாள். “உடைச்சிடுவீங்க. குடுங்க இங்க.”

சட்டாம்பிள்ளை எழுந்தாள். நான் ஒரு முறை முறைத்தேன், அவள் உட்கார்ந்துவிட்டாள்.