விடு என்றால் விடணும்

நெஸ்தோர் வீட்டுக் கதவை நான் தட்டவில்லை, குத்தினேன். உள்ளே தட்டில் கரண்டி உரசும் சத்தம் நின்றது. யாரும் எழுந்து வரவில்லை. மில் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை, இந்த வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தவே தேவையில்லை. இருந்தும் கத்தினேன்.

"நெஸ்தோர் அண்ணே! வெளிய வாங்க. உங்க ஞானப்பொண்ணோட அம்மா வந்திருக்கேன்."

அவர் மனைவி ஒதேச்சி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். "அவரு குளிக்கிறாரு, ஜுரேமா."

"குளிக்கும்போதே பீன்ஸ் சாப்பிடுவாரா?"

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நெஸ்தோர் மேசையில் உட்கார்ந்திருந்தார். என் மகளைத் திருமுழுக்குத் தொட்டியில் ஏந்திய கை, ரொட்டித் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. மில் அணிக்குப் பந்து ஆடுகிறவனுக்கு லேசான வேலை கொடுப்பார்கள். பயிற்சி நாளில் சங்கு ஊதும் முன்பே கிளம்பிவிடலாம். என் புருஷன் சுல்மீரோ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பஞ்சு அடிக்கும் கார்டிங் அறையில் கிடந்தவன். அங்கே காற்று என்று ஒன்று கிடையாது, பஞ்சுத் தூசுதான். ராத்திரியெல்லாம் இருமுவான். அப்புறம் அவன் கோலில் நின்று பந்து பிடிப்பதை மேலிடத்தில் யாரோ பார்த்தார்கள். துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். இருமல் போயிற்று, கன்னத்தில் சதை வைத்தது, மனுஷனாக ஆனான். என்னைக் கேட்டால் கால்பந்து என்பது ஒரு மருந்து, அவ்வளவுதான்.

இந்த ஜூலையில் ரியோவில் நம் நாட்டுக்கும் உருகுவேக்கும் அந்த இறுதி ஆட்டம் நடந்தது. டிரா செய்தாலே உலகக் கோப்பை நமக்கு. நாங்கள் எல்லோரும் மில் உணவறையில் ரேடியோவைச் சுற்றி நின்றோம். உருகுவே ஜெயித்தது. மனைவி செத்தபோது அழாத கிழவர்கள் அன்றைக்கு அழுததைப் பார்த்தேன். அழுது முடித்ததும் ஆளைத் தேட ஆரம்பித்தார்கள், ரொம்ப நாள் ஆகவில்லை. பதினோரு பேர் தோற்ற ஆட்டத்துக்குக் கோலில் நின்ற ஒரு கறுப்பர் போதும் என்றாகிவிட்டது. எங்கள் மைதானத்திலும் அதே பாட்டுத்தான். சுல்மீரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய அதே ஆட்கள் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கறுப்புக் கைக்கு ராசி கிடையாதுடா, வெளிய போ!" என்று கத்தினார்கள். என் பக்கத்துத் தறிக்காரி அவனைக் கண்டால் தரித்திரம் ஒட்டாமலிருக்க மரக்கட்டையைத் தட்ட ஆரம்பித்தாள். அவளும் என் நிறம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கதவைக் குத்தியதற்கு முந்தின நாள் மலையடிவார மில்லோடு ஆட்டம். முடியப்போகும் நேரம், சமநிலை. உயரமாக ஒரு பந்து வந்தது. சுல்மீரோ கோலை விட்டு ஓடிவந்து "விடு!" என்று கத்தினான். மைதானத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பந்து என்னுடையது, நகரு. கோல்கீப்பர் சொன்னால் அவனுக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக் நகர வேண்டும், கேள்வி கிடையாது. நெஸ்தோர் இத்தனை வருஷமாக நகர்ந்துகொண்டுதான் இருந்தார். அன்றைக்கு மட்டும் நகராமல் காலை நீட்டினார். பந்து அவர் குதிகாலில் பட்டு, ஆளில்லாத கோலுக்குள் உருண்டது. கூட்டத்தில் ஒருத்தன்கூட நெஸ்தோரைத் திட்டவில்லை.

மறுநாள் காலை கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் எரால்தோ இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். அவர் எந்த நோயாளியையும் பார்த்ததில்லை, கோட்டுப் போட்டவர் எல்லோரும் எங்களுக்கு டாக்டர்தான். "நான் 'விடு'ன்னு சொன்னேன் சார்" என்றிருக்கிறான் சுல்மீரோ. "கேட்டுச்சா?" என்று டாக்டர் நெஸ்தோரிடம் கேட்டிருக்கிறார். இல்லையாம். அணியில் இடம் போச்சு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சுல்மீரோவுக்கு மறுபடியும் கார்டிங்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னேன், தங்கச்சி. காதுல விழல. ஒரே காத்து..."

"காத்தா? நேத்து கொடிகூட ஆடல."

ஒதேச்சி இடையில் வந்தாள். "விளையாட்டுல இதெல்லாம் சகஜம். இதுக்குப் போய் வீடேறி வந்து கத்துறியே."

"உன் புருஷன் அந்த ரூமுக்குப் போகட்டும், அப்பவும் இதையே சொல்லு, உன் கால்ல விழுறேன்."

நெஸ்தோர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சு," என்றார். "போதுமா? நல்லாவே கேட்டுச்சு. காலை எடுக்கத்தான் போனேன். அந்த நேரம் பாத்து ரேடியோ ஞாபகம் வந்துருச்சு. இவனும் விட்டுட்டா என்ன பண்றதுன்னு..."

"இவனும்னா?"

பதில் எனக்கும் தெரியும், ஒதேச்சிக்கும் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருந்தவர்களுக்கும் தெரியும்.

"இதை அப்படியே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா என்னைத் தூக்கி கார்டிங்ல போடுவான். எனக்கு நாலு பிள்ளைங்க, ஜுரேமா."

"எனக்கு ஒண்ணுதான். அதுக்கும் நீதான் ஞானத்தகப்பன்."

அவரை நீ என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சொல்லிடுறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து சுல்மீரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில், மறுபடி கார்டிங் என்பதை, மழை வரும்போல என்கிற மாதிரி சொன்னவன், இதைக் கேட்டதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னை நம்பலன்னா சொன்னான்? நெஸ்தோரா?"

"ஆமா."

"அவன் வாயாலயா?"

காபி ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, சொன்னதுதான் சரி.

நாளைக்கு என்றவன் அந்த வாரம் முழுக்கச் சொல்லவில்லை. மில் வாசலில் என்னைக் கண்டால் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை கோலில் ஒரு மேஸ்திரியின் மருமகன் நின்றான், வெள்ளைப் பையன். நாங்கள் போகவில்லை. திங்கட்கிழமை சுல்மீரோ வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கார்டிங்குக்குள் போனான்.

மதியச் சங்கு ஊதியது. நெசவுக் கூடத்துச் சுவரோரம் எல்லோரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தோம், நெஸ்தோர் உட்பட. கார்டிங் கதவு திறந்தது. தலை, புருவம், இமை, கழுத்து என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய ஆள் ஒருத்தன் வெளியே வந்தான். நடையை வைத்துத்தான் என் புருஷன் என்று கண்டுபிடித்தேன்.

"டேய், டாக்டரைக் கூப்பிடுங்கடா!" என்று வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். "சுல்மீரோ வெளுத்துட்டான்! வர்ற ஞாயித்துக்கிழமை கோல்ல இறக்கிடலாம்!"

வரிசையே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நெஸ்தோரும் சிரித்தான்.

நான் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியின் நுனியை நனைத்துக்கொண்டு எழுந்தேன். சுல்மீரோ என் கையை விலக்கினான். நேராக நடந்துபோய் நெஸ்தோர் முன்னால் நின்றான், முழங்கால் இடிக்கும் அளவுக்குக் கிட்டே. வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று எல்லோரும் வாயை மூடினார்கள்.

இருமல்தான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், கையால் வாயை மூடாமல், நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி இருமினான். நெஸ்தோர் அசையவில்லை. மடியில் திறந்து கிடந்த டப்பாவில், கறுப்பு பீன்ஸின் மேல், பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.