சபீனுக்கு ஒரு கொரியச் சூப்

ஆளைக் கண்டவுடன் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரித்து முடிக்காவிட்டால் அன்னமலருக்குச் சோறு செமிக்காது. சுவிஸில் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அவளுடைய பக்கத்து மேசைக்குச் சபீன் வந்த அன்றும் அப்படித்தான். எந்த ஊர் என்று கேட்டாள். பீல் என்றாள் சபீன். அன்னமலர் சிரித்துவிட்டு, உண்மையாக எந்த ஊர் என்று திரும்பவும் கேட்டாள். பிறந்தது கொரியாவில் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அதற்கு மேல் கதைக்க விருப்பமில்லை என்பது வேறு யாருக்கும் விளங்கியிருக்கும். அன்னமலரோ, தாய் கொரியாக்காரி, தகப்பன் சுவிஸ்காரன் என்று தானே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் பாசக்காரி. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் சபீனின் தாய் இறந்த செய்தி வந்தபோது, மேசையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் வேதக்காரருக்கும் சைவக்காரருக்கும் அது பொது வழக்கம். இங்கே அந்தப் பிள்ளைக்கு யார் கொடுக்கப்போகிறார்கள்? சோறும் கறியும் கொடுத்தால் போதாதோ என்று அவள் கணவன் றேமன்ட் கேட்டான்.

"தாயை இழந்த பிள்ளைக்குத் தாயின்ரை சாப்பாடுதான் வேணும். உங்களுக்கு உது விளங்காது" என்றாள்.

பேர்ணில் ஓர் ஆசியக் கடையில் வேலை செய்த கொரியப் பெண், பாதி ஜெர்மன் மொழியிலும் பாதி கைச்சாடையிலும் செய்முறையைச் சொல்லிக் கொடுத்தாள். அன்னமலர் கோதுமை மாவை உப்புப் போட்டுப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைத்தாள். நெத்தலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு துண்டுக் கடற்பாசியோடு அவியவிட்டாள். மாவை மெல்லிசாக உருட்டி, மடித்து, கத்தியால் நூலாக வெட்டினாள். முதலில் வெட்டியது பெல்ட் மாதிரி வந்தது. அதைக் குழைத்துத் திரும்ப உருட்டினாள். மிளகாய்த்தூள் பேணிக்குப் போன கையை அவள் பிடித்து நிறுத்தியதுதான் பெரிய காரியம். நூடில்ஸைச் சூப்பிலேயே அவித்துக் கொண்டுபோனால் ஊதிக் களியாகிவிடும் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அதனால் சூப்பை ஒரு பானையிலும், வெட்டிய நூடில்ஸை மாத் தூவி ஒரு பெட்டியிலுமாக எடுத்துக்கொண்டு, அடக்கம் முடிந்த மத்தியானம் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. இறந்தவருடைய தமக்கை என்றாள். விறாந்தையில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இறந்தவரின் படம் இருந்தது. பொன்னிறத் தலைமுடி, நீலக் கண். அன்னமலர் படத்தையும் சபீனையும் மாறி மாறிப் பார்த்தாள். சபீன் தத்தெடுத்த பிள்ளை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. திரும்பிப் போயிருக்கலாம். கையில் பானை இருந்தது.

என்ன கொண்டுவந்தீர்கள் என்று தமக்கை கேட்க, கொரியச் சூப் என்று அன்னமலர் வாய்க்குள் சொன்னாள். சபீனின் முகம் ஒரு கணம் சிவந்தது. ஆனாலும் மரியாதையாக அவளைக் குசினிக்குக் கூட்டிப்போய் அடுப்பைப் போட்டுக் கொடுத்தாள். சூப் கொதிக்க, அன்னமலர் நூடில்ஸை அதில் போட்டாள். கருவாட்டு மணம் வீடெல்லாம் போனது. தமக்கை வந்து யன்னலைத் திறந்துவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"நல்லது சபீன், உன்ரை சனத்திலை ஒராள் வந்திருக்கிறா. நீ அவவோடை குசினியிலையே ஆறுதலா இருந்து சாப்பிடு."

முன்னறையில் சொந்தக்காரர் பாணும் இறைச்சியும் வைனுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெறுமையாக இருந்த சபீனின் கதிரைக்கு ஒரு மாமன் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சபீன் குசினியில் கோப்பையை எடுத்துக் குடிக்கத் தொடங்கினாள்.

"அம்மா என்னைக் கொண்டுவரேக்கை எனக்குப் பத்து மாசம். இதை நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை" என்றாள். பிறகு, "நல்லா இருக்கு" என்றாள்.

அன்னமலருக்குத் தேகமெல்லாம் கூசியது. போன வருடம் அவளுடைய மகள் றோஷினியிடம் வகுப்பில் உன்னுடைய நாட்டைப் பற்றிச் சொல்லு என்று கேட்டுவிட்டார்கள். இஞ்சை பிறந்த பிள்ளையிட்டை என்ன கேள்வி இது என்று அன்னமலர் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தவள். அவள்தான் இப்போது தாயைப் புதைத்த அன்றே ஒரு பிள்ளையை அந்த வீட்டுக்கு அந்நியமாக்கிவிட்டாள். அதுவும் ஒரு பானை சூப்போடு வந்து. அந்தப் பிள்ளையோ அன்னமலருக்கு வெட்கமாகிவிடக்கூடாது என்று கடைசி நூடில்ஸ் வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து முன்னறை வாசலில் போய் நின்றாள். தனக்குத் தெரிந்த ஓட்டை ஜெர்மனில், நான் இவவின்ரை சனமில்லை, வேலைத்தலத்துக் கூட்டாளி மட்டும்தான் என்றாள். சொந்தக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"சபீன் உங்கடை பிள்ளை. அவவுக்கு அங்கை இடம் விடுங்கோ."

தமக்கை பதறிப்போய், ஐயோ அதில் என்ன சந்தேகம், அது எங்களுக்குத் தெரியாதா என்றாள். மாமன் எழுந்து கதிரையை இழுத்து வைத்தார். இன்னொருவர் அவசரமாகப் பாண் வெட்டினார். எல்லோரும் எல்லை மீறிய அன்போடு சபீனைக் கூப்பிட்டார்கள். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரித்தான் இருந்தது.

சபீன் வந்து உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. இருபத்தைந்து வருடம் வளர்ந்த வீட்டில், இவள் இந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தி வாசலில் நின்று சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று அன்னமலர் நினைத்தாள். அப்படிச் சொல்ல வைத்ததும் அவள்தான், சொன்னதும் அவள்தான்.