முதல் அரைமணிக்குள் கேட்கலாம்

...இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறாள், எத்தனை முறை படித்தாலும் அதே மூன்று வரிகள், கையெழுத்தும் ரப்பர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுடையதுதான், பென்சிலால் எழுதி, அழித்து, அழித்த இடத்தின் மேலேயே மறுபடி எழுதி... அந்த அழுக்கு நகலில்கூடச் சாம்பலாக விழுந்திருக்கிறது. டீச்சர், இந்த மூன்றாவது கணக்கு நீங்கள் முகாமில் போட்ட கணக்கு. எனக்கு விடை தெரியும். எழுதலாமா? அவ்வளவுதான், கீழே இருக்கை எண். அச்சு இயந்திரத்திலிருந்து வந்த சூடு இன்னும் தாளில் இருக்கிறது. அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் கூடம் ஊருக்கு அந்தப் பக்கம், அவள் நிற்கும் இந்த அறை இந்தப் பக்கம். கேள்வித்தாளைத் தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் பிள்ளைகளின் கண்ணிலேயே படக்கூடாது என்று நான்கு நாளாகக் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு அடைத்து வைத்திருக்கிறார்கள், இந்த அரைமணி நேரம் மட்டும்தான் ஒரு சின்ன ஜன்னல், தேர்வு தொடங்கி முதல் அரைமணிக்குள் பிள்ளைகள் கேள்வியில் புரியாததைச் சீட்டில் எழுதிக் கேட்கலாம், சீட்டின் நகல் இந்த இயந்திரம் வழியாக இங்கே வரும், அந்தந்த நாட்டு ஆசிரியர் அதை நடுவர் மேசைக்கு முன்னால் போய் எல்லோருக்கும் புரிகிற மொழியில் உரக்கச் சொல்ல வேண்டும், மேசை ஒத்துக்கொண்ட பதிலைப் பிள்ளையின் மொழியில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். உரக்கச் சொல்ல வேண்டும்... இதை எப்படி உரக்கச் சொல்வது? வரிசையில் அவளுக்கு முன்னால் ஏழு பேர். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பதினொன்று.

விளக்குக் கணக்கு. வட்டமாக வைத்த விளக்குகள், ஒன்றைத் தட்டினால் பக்கத்து விளக்குகளும் மாறும், எல்லாவற்றையும் அணைக்க முடியுமா முடியாதா என்று எந்த நிலையைப் பார்த்தாலும் சொல்ல வேண்டும்... அவளே போட்ட கணக்கு. பதினான்கு வருடமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த உலகக் கணக்குப் போட்டிக்கு வருகிறாள், ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கை மூடி முத்திரையிட்டுக் குழுவுக்கு அனுப்புகிறாள், ஒவ்வொரு வருடமும் அது நன்றிக் கடிதமாகத் திரும்பி வருகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, வேறென்ன. "உன் கணக்கு யாருக்கு வேணும், அங்க பெரிய பெரிய நாட்டுக்காரங்க இருக்காங்க," என்று வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார், திட்டிக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னார், அதுதான் சுருக்கென்று தைத்தது. ஆனால் இந்த விளக்குக் கணக்கு அப்படியல்ல என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் பேருந்தில், பல் டாக்டர் வாசலில், தேர்வு மேற்பார்வையில் என்று போகிற இடமெல்லாம் மனத்துக்குள் உருட்டி உருட்டிச் செய்தது. அனுப்பிய பிறகு யாரிடமும் காட்டக்கூடாது என்பது விதி, கடிதத்தின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருக்கும், அதன் கீழே அவள் கையெழுத்தும் இருக்கும். அதற்கப்புறம் இரண்டே மாதம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்... பள்ளியில் அதற்குப் பொருள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான்.

அன்றைக்கு மதியம் பயிற்சி முகாமுக்கு வர வேண்டிய பேராசிரியர் வரவில்லை, அதுதான் ஆரம்பம், அவர் மட்டும் வந்திருந்தால்... சும்மா இரு, அவர் மேல் பழியைப் போடாதே. ஆறு பிள்ளைகளும் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள், முகாம் அறையில் சுண்ணக்கட்டி இருந்தது, கரும்பலகை துடைத்துக் காலியாக இருந்தது. இதைப் போட்டுப் பாருங்களேன் என்றாள். ஏன்? யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அட, எவ்வளவு அழகான கணக்கு என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது, ஐம்பது வயதில் ஒருத்திக்கு அந்த ஆசை இருக்கக்கூடாதா? இருக்கலாம், ஆனால் அதற்கு ஆறு பிள்ளைகளா கிடைத்தார்கள். மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ரப்பர்தான் எழுந்து போய்ப் பலகையில் நான்கு வரி எழுதினாள், கணக்கைப் போட்ட இவளே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்த நிரூபணம் நான்கே வரியில்... மற்ற ஐந்து பேரும் மேசையைத் தட்டினார்கள், "சூப்பர் கணக்கு டீச்சர், யார் போட்டது?" என்றான் ஒருவன். எங்கேயோ பார்த்தது, என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போதுகூட முகம் மலர்ந்துதான் இருந்திருக்கும்.

வரிசையில் இன்னும் ஐந்து பேர். சமாளிக்க இன்னும் நேரம் இருக்கிறது, முன்னால் நிற்பவர்கள் மெதுவாகத்தான் நகர்கிறார்கள். போன வாரம், இல்லை, மூன்று நாளைக்கு முன்னால்தான், இதே அறை, இதே குளிர், நூறு நாட்டு ஆசிரியர்கள், திரையில் விளக்குக் கணக்கு. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. யாரோ ஒருவர், அவளுக்கு முகம்கூடத் தெரியாதவர், எழுந்து இந்த வருடத்தின் நல்ல கணக்கு இதுதான் என்றார். தலைமை நடுவர், நரைத்த குட்டை முடிக்காரி, எல்லாக் கணக்குக்கும் கேட்பதைப்போலத்தான் கேட்டாள், "இதை யாராவது இதுக்கு முன்னாடி எங்கயாவது பார்த்திருக்கீங்களா? மாணவர் யாருக்காவது தெரிய வாய்ப்பு இருக்கா?" இரண்டு நிமிடம் காத்திருந்தாள், எல்லோரும் கழுத்தைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தார்கள், இவள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினாள், திறந்தாள், மறுபடி திருகினாள். சொல்லியிருக்கலாம். கையைத் தூக்கி ஒரு வாக்கியம், கணக்கு போயிருக்கும், அடுத்த கணக்கு வந்திருக்கும், ஒருவரும் அவளைக் கடிந்திருக்கமாட்டார்கள். வாக்கெடுப்பில் கைகள் எழுந்தன, ஒவ்வொன்றாக எண்ணினாள், அறுபத்து மூன்று, தன் கையையும் சேர்த்து. அன்று இரவு உண்மையிலேயே நன்றாகத் தூங்கினாள்.

"உங்க பிள்ளை என்ன கேக்குது?" முன்னால் நிற்கும் தாடிக்காரர் திரும்பினார். வருடா வருடம் பார்க்கிற மனிதர், அவர் நாடும் அவள் நாடும் பட்டியலின் அடிப்பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. "மூணாவது கணக்கு," என்றாள். "என் பையன் பூஜ்யம் ஒரு எண்ணான்னு கேக்குறான், பத்து வருஷம் படிச்சு இதைக் கேக்கறதுக்குத்தான் விமானம் ஏறி வந்தான்," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். நான்கு பேர். சொன்னால் என்ன ஆகும்? தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, அறுநூறு பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நிறுத்திக் கேள்வியை மாற்றவா முடியும்... ஆறு பேரின் மூன்றாவது விடையைக் கழித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு பேரையும் எழுப்பி வெளியே அனுப்புவார்கள், விமான நிலையத்தில் பூங்கொத்துக் கொடுத்த அதிகாரி, பள்ளி வாசலில் தொங்குகிற பதாகை, இருபது மாதம் ஞாயிற்றுக்கிழமை என்பதையே பார்க்காத பிள்ளைகள்... அவர்கள் செய்த தப்பு என்ன? அப்புறம் அவள் கணக்கு. அடுத்த வருடப் புத்தகத்தில் அவள் நாட்டின் பெயரோடு அச்சாக வேண்டிய விளக்குக் கணக்கு, கறைபட்டது என்று... சீ, கேவலம், இப்போதுகூட அதுவா? ஆமாம், இப்போதுகூட அதுவும்தான். பிள்ளைகளை முன்னால் நிறுத்திவிட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் கணக்கும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஏன் கேட்டாய், பைத்தியக்காரப் பெண்ணே? விடை தெரிந்தால் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே. ஆனால் ரப்பரிடம் அது நடக்காது. இந்த வருடம் அணிக்கு ஆள் எடுத்த பரீட்சையில் விடைத்தாளின் தலையில் எழுதியிருந்தாள், முதல் வரி பக்கத்துப் பையனின் தாளில் கண்ணில் பட்டுவிட்டது, அதற்கு மதிப்பெண் வேண்டாம் என்று. அதை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டி எல்லோரும் சிரித்தார்கள், இவள்தான் முதலில் சிரித்தாள், வேலைக்காகாது இது என்று யாரோ சொன்னார்கள். மதிப்பெண்ணையும் குறைத்தாள். இப்போது அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பதில் வரும்வரை ஒரு வரி எழுதமாட்டாள். சீட்டை உரக்கப் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், வகுப்பில் இவளேதான் சொல்லிக் கொடுத்தது. தெரிந்தும் கேட்டிருக்கிறாள் என்றால்... கேட்கிறாளா, இல்லை டீச்சருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறாளா? பதினாறு வயதுப் பெண் அவ்வளவு யோசிப்பாளா? யோசிக்காமல் கேட்டிருந்தால் அது இன்னும் கனமாக இருக்கிறது, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கேட்டிருக்கிறாள். இரண்டு பேர். ஒருவர். தாடிக்காரரின் பூஜ்யத்துக்கு, ஆம், என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மேசையில் குட்டை முடிக்காரியும் இரண்டு உதவியாளர்களும். சீட்டை அவர்கள் முன்னால் வைத்தாள், மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள், அவள் மொழியின் எழுத்து அவர்களுக்கு வெறும் சுழியும் கோடும்தான், இந்த அறையிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. "என்ன கேக்குறாங்க?" சொல்லிவிடு. இப்போது சொன்னாலும் தாமதம்தான், ஆனாலும் சொல்லிவிடு, இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும், தெரிந்ததற்குக் காரணம் நான், அவ்வளவுதானே, ஒரு மூச்சில் முடிந்துவிடும்... "மூணாவது கணக்குல, ஒரே விளக்கை ரெண்டு தடவை தட்டலாமான்னு கேக்குறா," என்றது அவள் வாய். குரல் நடுங்கக்கூட இல்லை. "கேள்வியிலயே இருக்கே, எத்தனை தடவை வேணும்னாலும்னு," என்றாள் தலைமை நடுவர். "இருக்கு. சின்னப் பொண்ணு, பதட்டம்." "அப்போ தட்டலாம்னு எழுதிக் குடுங்க." பேனாவை நீட்டினார்கள். பதில் கட்டம் சின்னது, தீப்பெட்டி அளவுதான். தட்டலாம் என்று எழுதினால் ரப்பருக்கு ஒன்றும் புரியாது, நாலரை மணி நேரமும் பென்சிலைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். எழுது, என்று எழுதினாள். உதவியாளர் எட்டிப் பார்த்தார், "அவ்வளவுதானா? இவ்வளவு சின்னதா?" "எங்க மொழியில எல்லாம் சுருக்கமா வரும்," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார், சீட்டு இயந்திரத்துக்குள் போனது, பச்சை விளக்கு ஒருமுறை எரிந்தது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது மனம் சும்மா இருந்தது, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களுக்கும் இப்படித்தான் சும்மா இருக்குமோ. நாளை மறுநாள் விடைத்தாள் வரும், அந்த நான்கு வரியைப் பார்த்துத் திருத்துகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், தேர்வறையில் உட்கார்ந்து ஒரு குழந்தை இதை எப்படிக் கண்டுபிடித்தது என்பார்கள், அவள் புன்னகைக்க வேண்டியிருக்கும், சரி, புன்னகைத்துக்கொள்ளலாம். பதக்கத்தைக் கழுத்தில் போடும்போது ரப்பர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்... அது அப்புறம். வேறு சீட்டு ஏதும் வருகிறதா என்று அச்சு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தாள் வெளியே நீளும்போதும் எந்த மொழி என்று எட்டிப் பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து. இருபத்தெட்டு. ஒன்பதரைக்கு மணி அடித்தார்கள், இனிமேல் கேள்வி கேட்க முடியாது. அப்பாடா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"முடிஞ்சுதா, வாங்க, ஒரு காபி குடிக்கலாம்," என்று தாடிக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், "என் பசங்க ஆறு பேரும் ஆளுக்கொரு சீட்டு அனுப்பிட்டானுங்க, மானம் போகுது. உங்களுக்கு எத்தனை?" "ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள். "கொடுத்து வச்சவங்க நீங்க. மத்த அஞ்சு பேரும் ஒண்ணுமே கேக்கலையா?" "கேக்கலை," என்று சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கேட்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் ஆறு பேரும்தான் இருந்தார்கள், ஆறு பேரும்தான் பலகையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள், காலையில் உறையைக் கிழித்த அந்த நொடியே ஆறு பேருக்கும் தெரிந்திருக்கும், மேசையைத் தட்டியவனுக்கு, யார் போட்டது என்று கேட்டவனுக்கு... யாரும் ஒரு சீட்டு எழுதவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக்கூட மாட்டார்கள். தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்திருப்பார்கள், ஐந்து பேரும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே... சொல்லிக் கொடுக்காமலா? இந்நேரம் ஊருக்கு அந்தப் பக்கம் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ரப்பரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.