மரம் முளைத்த தண்டவாளம்

என் வீட்டுக்காரர் கல்யாணங்களில் படம் எடுப்பவர். "சிரிங்க, சிரிங்க" என்று கெஞ்சி அலுத்ததாலோ என்னவோ, லீவு நாளில் சிரிக்கத் தெரியாதவற்றைத் தேடிப் போவார். இந்த முறை, ரயில் நின்றுபோய்ப் பல வருஷமான ஒரு பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மரமே வளர்ந்து நின்றது.

அதைத் தாழ்வாக இருந்து எடுக்க வேண்டுமென்று சல்லிக் கற்கள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். கேமரா ஸ்டாண்டைப் பிடித்தபடி வெயிலில் நின்று எனக்குக் கால் கடுத்தது.

"ஏங்க, வண்டி வருது" என்றேன், சாதாரணமாக.

மனுஷன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உருண்டு, புதருக்குள் போய் விழுந்தார். முள்ளை எடுத்துவிடும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மரத்தைச் சுத்திக்கிட்டா வரும் ரயிலு?" என்று கேட்டேன்.

திரும்பும்போது நான் முன்னால் நடந்தேன். பாதையைக் கடக்கப் போன இடத்தில், பின்னால் கிளிக் என்றது.

அந்தப் படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று, மரத்துக்குப் பின்னால் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான்.